ஹனாய்க் கடைத்தெருவில்

வெளிநாடு சென்று வந்தவர்கள் எழுதும் கட்டுரைகளில் அரண்மனைகளும் பொருட்காட்சிச் சாலைகளும் நினைவுச் சின்னங்களும் தவறாமல் இடம்பெறும். அவற்றை நானும் பார்த்தேன். ஆயினும் என் நெஞ்சில் நின்றவை அவையல்ல. நான் எழுதப்போவது வயிற்றையும் சட்டைப்பையையும் பற்றியது. அத்துடன் ஒரு வெட்கத்தைப் பற்றியதும்கூட.

2023 டிசம்பரில், மாணவர் கருத்தரங்கு ஒன்றில் கலந்துகொள்ள வியட்நாம் நாட்டின் தலைநகராகிய ஹனாய்க்குச் செல்லும் வாய்ப்பு கிடைத்தது. நம் பல்கலைக்கழகத்திலிருந்து மூவர் சென்றோம். போக்குவரத்துச் செலவும் தங்கும் இடமும் கருத்தரங்கினர் பொறுப்பு; கைச்செலவு எங்கள் பொறுப்பு. அம்மா, அஞ்சலகச் சேமிப்பிலிருந்து 5,000 ரூபாய் எடுத்து அனுப்பினார்கள். "உனக்கு என்னம்மா வாங்கி வரட்டும்? அங்கே பட்டு நல்லா இருக்குமாம்" என்று கேட்டேன். "எனக்கு எதுக்குடா பட்டு? நீ வேளாவேளைக்குச் சாப்பிடு, அது போதும்" என்றார்கள். அப்போதே முடிவு செய்துவிட்டேன், ஒரு பட்டு மேலாடை வாங்காமல் திரும்புவதில்லை என்று.

அந்நாட்டு நாணயத்தின் பெயர் டாங். அப்போது ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 290 டாங். அம்மாவின் ஐயாயிரம் ரூபாய் கணக்குப்படி பதினாலரை லட்சம் டாங் ஆயிற்று! வாழ்நாளில் முதன்முறையாக நான் லட்சாதிபதியானேன். ஆனால் மூன்றாம் நாளே அந்தச் செல்வம் எவ்வளவு விரைவில் கரையும் என்பதும் தெரிந்துவிட்டது.

புறப்படும் முன் விடுதியில் ஒரு மூத்த மாணவர் எச்சரித்திருந்தார்: "தோளில் காவடி போல இரண்டு கூடைகளைத் தொங்கவிட்டுக்கொண்டு பெண்கள் பழம் விற்பார்கள். படம் எடுத்துக்கொள் என்று அந்தக் கழியை உன் தோளில் வைப்பார்கள். பிறகு பணம் கேட்பார்கள். யார் கூப்பிட்டாலும் திரும்பிப் பார்க்காதே!" இந்த உபதேசத்தை மந்திரம் போல் மனத்தில் கட்டிக்கொண்டே விமானம் ஏறினேன்.

முதலில் உணவைச் சொல்கிறேன். ஹனாய் மக்கள் வீதியோரத்தில், நம் முக்காலியைவிடக் குட்டையான நாற்காலிகளில் அமர்ந்து உண்கிறார்கள். முழங்கால் மார்பைத் தொடும். முதல் நாள் காலை அப்படி அமர்ந்துதான் 'ஃபோ' என்னும் உணவை உண்டேன். தட்டையான அரிசிச் சேவையின்மேல், எலும்பை நெடுநேரம் கொதிக்கவைத்த சாற்றை ஊற்றித் தருகிறார்கள். அந்தச் சாற்றில் சுட்ட இஞ்சி, சுட்ட வெங்காயம், பட்டை, அன்னாசிப்பூ எல்லாம் உண்டு. கண்ணை மூடிக்கொண்டு முகர்ந்தால் நம் ஊர்க் கலியாணச் சமையற்கட்டின் நினைவு வருகிறது. டிசம்பர்க் குளிரில் அந்த ஆவி முகத்தில் படுவதே ஓர் இன்பம்.

என்னை மிகவும் வியக்கவைத்தது 'பாஞ் குவோன்'. கொதிக்கும் பானையின் வாயில் துணியை இறுகக் கட்டி, அதன்மேல் அரிசி மாவைக் கரண்டியால் மெல்லியதாகத் தடவி மூடுகிறார்கள். அரை நிமிடத்தில் வெந்துவிடுகிறது. மூங்கிற் குச்சியால் வழித்தெடுத்து, உள்ளே இறைச்சியும் காளானும் வைத்துச் சுருட்டித் தருகிறார்கள். இட்டிலித் துணியை அறிந்தவனுக்கு இதில் புதுமை ஏது? தொட்டுக்கொள்ளத் தருவதுதான் புதுமை. நெத்திலியையும் உப்பையும் பல மாதங்கள் ஊறவைத்து வடித்த சாறு அது. முதல் நாள் முகம் சுளித்தேன். நான்காம் நாள் இன்னும் கொஞ்சம் கேட்டேன்.

உடன் வந்த நண்பர் ஒருவர் சைவ உணவினர். அவர் பட்டினி கிடப்பார் என்று அஞ்சினோம். 'சாய்' என்ற சொல் எழுதிய பலகையைத் தேடுங்கள் என்று ஒருவர் சொல்லித்தந்தார். அது சைவ உணவைக் குறிக்கும் சொல். பௌத்தர் பலர் சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் புலால் உண்பதில்லையாம். நம் அமாவாசை விரதம் நினைவுக்கு வந்தது. முட்டைக் காப்பியையும் சொல்லாமல் விட முடியாது. 1946-இல், பால் கிடைக்காத காலத்தில், ஓட்டல் ஒன்றில் வேலை பார்த்த கியாங் என்பவர் பாலுக்குப் பதில் முட்டை மஞ்சட்கருவைச் சர்க்கரையோடு அடித்துக் காப்பியின்மேல் ஊற்றினாராம். தட்டுப்பாட்டில் பிறந்தது இன்று ஊரின் பெருமையாகிவிட்டது.

கடைத்தெருக்களோ தனி உலகம். பழைய நகரத்தை 'முப்பத்தாறு தெருக்கள்' என்று அழைக்கிறார்கள். தெருவின் பெயரிலேயே தொழில் இருக்கிறது. 'ஹாங்' என்றால் சரக்கு. ஹாங் பாக் வெள்ளித் தெரு. ஹாங் தியெக் தகரத் தெரு. ஹாங் மா காகிதப் பொருள்களின் தெரு. தகரத் தெருவில் இன்றும் சுத்தியல் ஓசை கேட்கிறது. 1889-இல் பிரெஞ்சுக்காரர் கட்டிய டோங் சுவான் அங்காடி 1994-இல் தீப்பற்றிப் பின்னர்ப் புதுப்பிக்கப்பட்டது. அங்கே ஓலைத் தொப்பி ஒன்றுக்கு லட்சம் டாங் சொன்னார்கள். நான் பாதி கேட்டேன், நடந்தேன், கூப்பிட்டார்கள், அறுபதாயிரத்துக்கு முடிந்தது. உலகையே வென்றவன் போல் தொப்பியை அணிந்துகொண்டு வெளியே வந்தேன்.

இனி அந்த வெட்கத்துக்கு வருகிறேன்.

ஐந்தாம் நாள் மாலை, தனியாக ஹோவான் கியெம் ஏரிப் பக்கமிருந்து திரும்பிக்கொண்டிருந்தேன். மங்கிய வெளிச்சத்தில் நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி தட்டில் 'பாஞ் ரான்' விற்றுக்கொண்டிருந்தாள். பசை அரிசி மாவுக்குள் இனிப்புப் பாசிப்பருப்புப் பூரணம் வைத்து, எள்ளில் புரட்டி எண்ணெயில் பொரித்த உருண்டை அது. நம் சுசியத்தின் ஒன்றுவிட்ட தங்கை என்றே சொல்லலாம். அவள் நான்கு விரல்களைக் காட்டி, ஓர் இருபதாயிரம் டாங் தாளையும் காட்டினாள். நான் ஐந்து விரல்களைக் காட்டினேன். அவள் தலையசைத்து மறுத்தாள். இரண்டு அடி நடந்து பார்த்தேன், கூப்பிடவில்லை. திரும்பி வந்து, நான்கையே வாங்கிக்கொண்டு, பையிலிருந்த நீலத்தாளை நீட்டிவிட்டு நடந்தேன். ஓர் உருண்டையின் விலை பதினேழு ரூபாய். அதற்காக என் முகத்தில் கொஞ்சம் கோபம் வேறு!

இருபது அடி போயிருப்பேன். பின்னால் அவள் உரக்க ஏதோ கூவினாள். மூத்த மாணவரின் மந்திரம் நினைவுக்கு வந்தது. வேகமாக நடந்தேன். கூவல் நெருங்கியது. திரும்பாமலே "வேண்டாம், வேண்டாம்" என்று கையை ஆட்டினேன். இறுதியில் அவள் ஓடிவந்து என் சட்டைக் கையைப் பிடித்துவிட்டாள். தெருவில் இரண்டு பேர் நின்று பார்த்தார்கள். உள்ளபடியே எனக்குச் சினம் மூண்டது.

அவள் மூச்சிரைக்க, கையிலிருந்த தாளை விளக்கின் பக்கம் உயர்த்தி, அதிலுள்ள சுழியங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டுக் காட்டினாள். அது இருபதாயிரம் அன்று, ஐந்து லட்சம்! இரண்டு தாள்களும் நீல நிறம். இரண்டிலும் ஹோ சி மின் முகம். அம்மாவின் பட்டுக்கென்று நான் ஒதுக்கி வைத்திருந்த தாளை நான்கு உருண்டைகளுக்குக் கொடுத்துவிட்டு, கூப்பிட்டவளைக் கள்ளி என்று எண்ணி ஓடியிருக்கிறேன்.

தலை குனிந்து இருபதாயிரத்தை எடுத்துக் கொடுத்தேன். அவள் ஐந்து லட்சத்தை என் உள்ளங்கையில் வைத்து விரல்களை மூடிவிட்டாள். நன்றிப் பரிசாக ஐம்பதாயிரத்தை நீட்டினேன். வாங்கவில்லை, தட்டு இருந்த பக்கம் கையைக் காட்டினாள். வேண்டுமானால் பண்டம் வாங்கிக்கொள் என்பது பொருள். உடன் நடந்துபோய் மேலும் இருபதாயிரத்துக்கு வாங்கினேன். எண்ணிப் போட்டாள்: ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது உருண்டை அப்போதும் இல்லை!

விடுதி அறைக்குத் திரும்பி நெடுநேரம் சிந்தித்தேன். என்னைத் திகைக்கவைத்தது அவள் தாராளம் அன்று, அவள் கணக்கு. தனக்குரிய பதினேழு ரூபாயை எனக்கு விட்டுத்தரவில்லை. எனக்குரிய ஆயிரத்து எழுநூறு ரூபாயைத் தான் வைத்துக்கொள்ளவும் இல்லை. இரண்டும் ஒரே நேர்மையின் இரு பக்கங்கள். முதற்பக்கத்தைக் கண்டபோது கஞ்சத்தனம் என்றேன். இரண்டாம் பக்கத்தைக் காணாமலே ஓடப்பார்த்தேன்.

மறுநாள் காலை, பட்டுக் கடைகள் நிறைந்த ஹாங் காய் தெருவில், விலைச்சீட்டு ஒட்டிய கடையொன்றில் நான்கரை லட்சம் டாங்குக்குப் பாக்கு நிறத்தில் ஒரு மேலாடை வாங்கினேன். அந்த ஐந்து லட்சத் தாளைத்தான் கொடுத்தேன். ஊரில் அம்மா அதைத் தடவிப் பார்த்து, "என்ன விலைடா? பேரம் பேசினியா?" என்றார்கள். "இல்லைம்மா" என்றேன். "ஏமாந்துட்டுதான் வந்திருப்பே" என்று சிரித்தார்கள். ஏமாறாத கதையை அப்புறம் சொன்னேன். அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அவ பேர் என்னன்னு கேட்டியா?" என்றார்கள். கேட்கவில்லை. அதுவும் இன்றுவரை ஒரு குறையாகவே இருக்கிறது.

நண்பர்களே, உங்களுக்கும் அயல்நாடு செல்லும் வாய்ப்பு வரும். வீதியோரத்தில் அமர்ந்து உண்ணுங்கள். விலை கேளுங்கள், பேரமும் பேசுங்கள், அதில் குற்றமில்லை. தாளை நீட்டும் முன் சுழியங்களை எண்ணிக்கொள்ளுங்கள். பின்னால் யாரேனும் கூப்பிட்டால், ஒருமுறையாவது நின்று திரும்பிப் பாருங்கள்.