பத்திரத்தை எடுக்கும் முன் கண்ணைப் பாருங்கள்

கூடலூர்ப் பக்கம் ஒன்றரை ஏக்கரில் பன்னீர் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் குடும்பம் அது. மகன் இயற்பியல், கணிதம் எடுத்துப் பிளஸ் டூ தேறியிருக்கிறான். பைலட் ஆக வேண்டும் என்று ஆசை. வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்து பழக வேண்டும். அதற்குப் பல லட்சம் செலவாகும். அப்பா நிலத்தை அடமானம் வைக்கப் பத்திரத்தை எடுத்துவிட்டார்.

அம்மாதான் மறித்தார். "ஏங்க, எங்கப்பாவ மறந்துட்டீங்களா? தக்காளி பறிக்கப் போனா காயையும் பழத்தையும் சேத்துல்ல பறிச்சுட்டு வருவாரு. இவனுக்கும் அப்படி இருந்துட்டா?"

அவர் பயந்ததில் நியாயம் இருக்கிறது. சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத பிறவிக் குறை பெரும்பாலும் தாய்வழியில் வருவது. தாத்தாவுக்கு அந்தக் குறை இருந்தால் மகள் அதைச் சுமப்பார். அவர் கண்ணில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. அவர் பெறும் ஒவ்வொரு மகனுக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. தோட்டத்தில் இது கேலியோடு போய்விடும். விமானத்தில் அப்படியல்ல. இடது இறக்கை நுனியில் சிவப்பு விளக்கு, வலது நுனியில் பச்சை. இரவில் எதிரே வருவது எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதை அந்த நிறத்தை வைத்துத்தான் சொல்ல முடியும்.

இதைக் கண்டுபிடிக்க இஷிஹாரா என்ற ஜப்பானிய மருத்துவர் 1917இல் வெளியிட்ட புள்ளிப் படங்கள் போதும். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்க வேண்டும். தேனியில் கண் மருத்துவமனையிலேயே பார்த்துவிடலாம். தவறினால் உடனே மனம் உடைய வேண்டாம், அடுத்தகட்டச் சோதனைகளும் உண்டு. கண்ணாடி போட்டிருப்பதும் தடையில்லை. கண்ணாடியோடு பார்வை தேறினால் போதும்.

அடுத்து டி.ஜி.சி.ஏ. அங்கீகரித்த மருத்துவரிடம் கிளாஸ் 2 சான்று. வணிக உரிமத்துக்கு கிளாஸ் 1 வேண்டும். அதன் முதல் பரிசோதனையை பெங்களூரில் விமானப்படையின் ஏரோஸ்பேஸ் மெடிசின் நிறுவனம் போன்ற இடங்களில் செய்கிறார்கள். ரத்தம், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, ஈ.சி.ஜி., காது எல்லாம் பார்ப்பார்கள்.

திராட்சைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். பரிசோதனைக்கு முந்தைய நாட்களில் பந்தலுக்கு மருந்தடிக்கப் போகாதீர்கள். சில பூச்சிக்கொல்லிகள் உடம்பில் ஏறினால் கண்மணி சுருங்கும், பார்வை மங்கும், தலை வலிக்கும். அதோடு போய் உட்கார்ந்தால் இல்லாத நோய்க்கு ஆயிரம் கேள்வி வரும். டீசல் இன்ஜின் பக்கத்திலோ திருவிழா ஸ்பீக்கர் முன்னாலோ நின்றுவிட்டுப் போனால் கேட்கும் திறனும் தற்காலிகமாகக் குறைந்து காட்டும். இரவு நன்றாகத் தூங்குங்கள். ரத்தம் கொடுக்க வெறும் வயிற்றோடு போங்கள். சின்ன வயதில் வலிப்பு வந்தது, ஆபரேஷன் செய்தது எதையும் மறைக்காதீர்கள். பழைய சீட்டுகளையும் எடுத்துப் போங்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால், கட்டிய பணத்தோடு உரிமமும் போகும்.

கூடலூர்ப் பையன் தேனிக்குப் போய் எல்லா எண்களையும் சரியாகப் படித்துவிட்டான். அப்பா அன்று மாலையே பத்திரத்தைத் தேடினார். கிளாஸ் 1 சான்று கைக்கு வரட்டும் என்று அம்மா பீரோ சாவியை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறார்.