மெட்டியும் கேட்ஸ்பியும்

ஒரகடம் ஃபேக்டரிகள் பக்கம் காதல் என்றாலே கூடவே ஒட்டிவரும் வார்த்தை 'கெட்டுப்போச்சு'. "நல்லா வேலை செஞ்சிட்டிருந்த பொண்ணு, லவ் பண்ணிக் கெட்டுப்போச்சு." வார்டன் சொல்வார், லைன் லீடர் சொல்வார், ஊரிலிருந்து போனில் அம்மாக்கள் சொல்வார்கள். செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆபரேட்டராக இருந்த என்னைப் பற்றியும் சொன்னார்கள். வேலை போன பிறகு அஞ்சல் வழியில் எம்.ஏ. ஆங்கிலம் சேர்ந்தபோது நானும் அதை நம்பிக்கொண்டுதான் இருந்தேன்.

பாடத்தில் ஃபிட்ஸ்ஜெரால்டின் 'தி கிரேட் கேட்ஸ்பி' இருந்தது. பார்ட்டி, கார், பச்சை விளக்கு என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்குப் பிடித்தது கடைசியில் வரும் ஒரு டைம்டேபிள். கேட்ஸ்பி செத்த பிறகு அவன் அப்பா ஒரு பழைய புத்தகத்தைக் கொண்டுவந்து காட்டுகிறார். பையன் அதில் எழுதிவைத்திருக்கிறான்: ஆறு மணிக்கு எழணும், உடற்பயிற்சி, மின்சாரம் பற்றிப் படிப்பு, வேலை, பேச்சுப் பயிற்சி. வாரம் 5 டாலர் சேமிக்கணும் என்பதை அடித்துவிட்டு 3 என்று போட்டிருக்கிறான். அந்த அடித்தலைப் பார்த்ததும் சிரித்துவிட்டேன். எங்கள் ஹாஸ்டல் பீரோக் கதவின் உட்பக்கமும் இப்படித்தான் இருக்கும்: தம்பி ஃபீஸ், சீட்டு, அம்மாவுக்கு, மிச்சம். மாதக் கடைசியில் மிச்சத்தின் மேல்தான் பேனா ஓடும்.

அவ்வளவு கணக்காக வளர்ந்தவன் டெய்சி என்ற பெண்ணைக் கண்டதும் சேர்த்தது, சேர்க்கப்போவது எல்லாவற்றையும் அவளுக்கென்றே ஆக்கிவிட்டான். காதல் கனவைக் கெடுத்தது என்று பரீட்சையில் எழுதினேன். நல்ல மார்க் வந்தது.

பாடத்தில் இல்லாத ஒரு நாவல்தான் என்னைக் குழப்பியது. கேட்ஸ்பி வந்த அதே 1925இல் வெளியான தியோடர் டிரைசரின் 'ஆன் அமெரிக்கன் டிராஜெடி'. படிக்கப் படிக்க எங்கள் ரோட்டுக் கதையாகவே இருந்தது. கையில் காசில்லாத க்ளைட், அப்பாவின் சகோதரர் நடத்தும் காலர் ஃபேக்டரியில் வேலைக்குச் சேர்கிறான். பெண்கள் வேலை செய்யும் ஒரு பிரிவை அவன் பொறுப்பில் விடுகிறார்கள். ஒரே கண்டிஷன்: அந்தப் பெண்களோடு எந்தப் பழக்கமும் கூடாது. கஷ்டப்படும் விவசாயக் குடும்பத்திலிருந்து ராபர்ட்டா வருகிறாள். யாருக்கும் தெரியாமல் பழகுகிறார்கள். அவள் கர்ப்பமாகும்போது க்ளைடின் மனசு பணக்காரப் பெண் ஒருத்தி பக்கம் போயிருக்கிறது. ராபர்ட்டா ஏரியில் மூழ்கிச் சாகிறாள். க்ளைடுக்கு மின்சார நாற்காலி.

க்ளைடை நான் மன்னிக்கத் தயாரில்லை. ஆனால் ராபர்ட்டா தன் கஷ்டத்தை வெளிப்படையாகச் சொல்ல முடியாமல் போனதற்கு அந்தக் கண்டிஷனும் காரணம். வசந்தபாலனின் 'அங்காடித் தெரு' (2010) படத்திலும் தி.நகர் ஜவுளிக்கடையில் அதே சட்டம்தான். கேட்ஸ்பிக்காவது மாளிகை இருந்தது, காதலில் உட்கார்ந்து உருக நேரமும் இருந்தது. ஷிப்டுக்குப் போகிறவர்களுக்கு அது ஏது?

என் கதையில் ஏரி இல்லை. பக்கத்துக் கம்பெனியில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டியவரை குன்றத்தூர் முருகன் கோயிலில் கட்டிக்கொண்டேன். "கல்யாணம் ஆனவங்க வேணாம்மா, லீவு போட்டுக்கிட்டே இருப்பாங்க" என்று கான்ட்ராக்டர் முன்னமே சொல்லியிருந்தார். அதனால் கம்பெனி பஸ்ஸிலேயே மெட்டியைக் கழற்றி, டிபன் பாக்ஸின் ஊறுகாய்க் கிண்ணத்தில் போட்டுவிடுவேன். தாலித் தங்கம் வீட்டில் இருக்கும், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும். கேட்டில் மெட்டல் டிடெக்டர் கத்தாது. கால் விரலில் வெளுத்த வளையம் தெரியும். அதை சாக்ஸ் மறைத்துவிடும். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. வயிறு தெரிந்ததும் கான்ட்ராக்டைப் புதுப்பிக்கவில்லை. அதற்கும் காதல் மேல்தான் பழி.

2024 ஜூனில், எங்கள் பக்கம் இருக்கும் ஃபாக்ஸ்கான் ஐபோன் ஆலையில் திருமணமான பெண்களுக்கு வேலை மறுக்கப்படுவதாக ராய்ட்டர்ஸ் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, மத்திய தொழிலாளர் அமைச்சகம் மாநில அரசிடம் அறிக்கை கேட்டது. அதே ஆண்டு ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்கும் குடியிருப்பு திறக்கப்பட்டது, அறைக்கு ஆறு பேர். நல்ல கட்டடம், பாதுகாப்பு உண்டு, வேண்டியதுதான். ஆனால் அங்கே தங்கும் பெண் கல்யாணத்துக்கு அப்புறம் எங்கே இருப்பாள் என்ற கேள்விக்கு அந்த அறையில் பதில் கிடையாது.

இப்போது ஸ்ரீபெரும்புதூரில் ட்யூஷன் எடுக்கிறேன். கம்பெனிப் பெண்களும் ஆங்கிலம் பேசக் கற்க வருகிறார்கள். அதில் ஒருத்தி போன வாரம், "அக்கா, ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கப் போறோம். கம்பெனியில சொல்லலாமா, மறைச்சிடலாமா?" என்று கேட்டாள். அது உன் இஷ்டம் என்றேன். ஆனால் முதலில் ஈ.எஸ்.ஐ. நம்பரை எழுதிவைத்துக்கொள், சந்தா எத்தனை நாளுக்குக் கட்டியிருக்கிறார்கள் என்று பார் என்றேன். முந்தைய இரண்டு சந்தாக் காலத்தில் 70 நாள் இருந்தால் பிரசவத்துக்கு 26 வாரச் சம்பளம் உண்டு. கான்ட்ராக்டா, பர்மனென்டா என்று அங்கே பார்ப்பதில்லை. என்னிடம் அன்றைக்கு யாரும் சொல்லவில்லை. அவள் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டாள், ரெண்டு சந்தேகமும் கேட்டாள்.