அப்பப்பாவின் சின்னத் தாங்கி

இணுவிலில் எங்கட வீட்டு மாமரத்துக்குக் கீழே ஒரு மொறிஸ் மைனர் நிற்கிறது. சும்மா நிற்கிற கார் இல்லை; கோயிலுக்கும் மருதனார்மடச் சந்தைக்கும் இன்றைக்கும் ஓடுகிறது. போன வருசம் வரை அதற்கு இரண்டு எண்ணெய்த் தாங்கிகள். ஒன்று டிக்கிக்குக் கீழே. மற்றது போனற்றுக்குள் அப்பப்பா பூட்டினது: ஒரு போத்தல் பெற்றோல் பிடிக்கிற தகரத் தாங்கி.

1990இல் பொருளாதாரத் தடை வந்தபிறகு யாழ்ப்பாணத்துக் கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் இலகுவில் ஆவியாகாது, குளிர்ந்த எஞ்சின் அதில் ஸ்டார்ட் ஆகாது. கொஞ்சப் பெற்றோலில் ஸ்டார்ட் பண்ணி, எஞ்சின் சூடானதும் வால்வைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். 1995 ஒக்ரோபர் 30, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்குப் போன இரவு, இந்தச் சின்னத் தாங்கியில் மிச்சமிருந்த பெற்றோலில்தான் எங்கட கார் உயிர்பிடித்ததாம். அப்பம்மா இடப்பெயர்வுக் கதையை அங்கே இருந்துதான் தொடங்குவா.

2022இல் கியூஆர் முறை வந்தபோது காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். வரிசையில் நின்று அடித்துக்கொண்டு வந்த பெற்றோல் விடிய நிலத்தில் ஊறிக் கிடந்தது. அடியில் தேங்கின தண்ணீரால் கீழ்த்தாங்கி கறள்பிடித்து ஓட்டை விழுந்திருந்தது. அன்றைக்குச் சவர்க்காரத்தை அப்பிச் சமாளித்தோம். போன வருசம் அதுவும் சரிவரவில்லை. பழசை ஒட்டித் தரக் கேட்டோம். கராஜ்காரர் மறுத்துவிட்டார். வெறுந்தாங்கி என்று நினைக்கிறதுக்குள் ஆவி இருக்கும், நெருப்புப் பட்டால் வெடிக்கும். புதிதாகத் தகரத்தில் ஒன்று செய்வித்தோம்.

அப்பா அதை டிக்கிக்குள் வைக்கச் சொன்னார். கல்லும் படாது, கள்ளனும் தொடமாட்டான்.

"அண்ணை, டிக்கிக்கும் பின்சீற்றுக்கும் இடையில என்ன இருக்கு? ஒழுகினா ஆவி கீழ பதிஞ்சு நிக்கும். பின்னால இருக்கிறது உங்கட பிள்ளையள்."

தாங்கி பழைய இடத்துக்கே போனது. அடியில் கல்லுத் தாங்க ஒரு தகடு. அதில் மழைத்தண்ணி வடிய ஓட்டைகள். தாங்கிக்கும் பட்டிக்கும் இடையில் ரப்பர், இல்லாவிட்டால் உரஞ்சியே தேய்ந்துவிடும். எண்ணெய்க் குழாயைச் சைலன்சர் பக்கத்திலிருந்து விலத்திக் கிளிப் போட்டார். ஆவி போகிற குழாயை வெளியே எடுத்தார்.

பிறகு போனற்றைத் திறந்தார். சின்னத் தாங்கி கொதிக்கிற எக்ஸோஸ்ற் குழாய்க்கு ஒரு சாண் தூரத்தில் இருந்தது. "இது இனி வேண்டாம்."

அப்பம்மா இரண்டு நாள் எங்களோடு கதைக்கவில்லை. "அது எங்களைக் காப்பாத்தினது" என்றா. உண்மைதான். ஆனால் அன்றைக்கு வேற வழி இருக்கவில்லை. பெற்றோல் வாங்க முடியாத ஊரில் நெருப்புக்குப் பக்கத்தில் அதை வைத்துக்கொண்டு போனார்கள். இன்றைக்கும் அப்படியே வைத்திருந்தால், எதற்காக அவர்கள் அந்த இரவு ஓடினார்கள்?

மூன்றாம் நாள் அப்பம்மாவே வந்து, கழற்றின தாங்கியைக் கழுவிக் காயவைத்து, சாமி அறைக்கு வெளியே இருக்கிற தட்டில் வைத்தா. மணம் போகவில்லை என்று உள்ளே விடவில்லை.

நாங்கள் இப்போது மாதத்துக்கு ஒருக்கால் காருக்குக் கீழே படுத்து ரோச் அடித்துப் பார்க்கிறோம். மணம் வந்தால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. அப்பாவுக்கும் அதே சட்டம்தான்.