ராத்தாவின் உடம்பில் என் கலங்கள்

எங்கள் ராத்தாவுக்குக் கடும் மைலொயிட் லியூக்கேமியா என்று 2014 இல் மஹரகமவில் உறுதிப்படுத்தினார்கள். அவர் கொட்டாஞ்சேனையில் குடியிருந்தார், நான் வெள்ளவத்தையில். கொட்டாஞ்சேனையிலிருந்து மஹரகமவுக்குப் போகும் 112 ஆம் இலக்க பஸ் அந்த வருடம் எங்கள் வீட்டு வாகனம் போலாகிவிட்டது.

மருந்தேற்றியதில் நோய் அடங்கியது. ஆனால் அது திரும்பி வரக்கூடிய வகை, உடன்பிறந்தவர் ஒருவரின் என்புமச்சைக் கலங்கள் வேண்டும் என்றார்கள். உடன்பிறந்த ஒருவர் முழுமையாகப் பொருந்துவதற்கு நான்கில் ஒரு பங்கு வாய்ப்புத்தான். பெரிய நானா பொருந்தவில்லை, தங்கச்சியும் பொருந்தவில்லை. நான் பொருந்தினேன். இருந்த நகைகளை விற்றுச் சென்னைக்குப் போனோம்.

கொடுப்பதில் பெரிய கஷ்டமில்லை. நாலைந்து நாட்கள் ஊசி போட்டார்கள். இடுப்பெலும்பு உளைந்தது. பிறகு ஒரு கையால் குருதியை எடுத்து, இயந்திரத்தில் வேண்டிய கலங்களைப் பிரித்து, மிச்சத்தை மற்றக் கையால் திருப்பி விட்டார்கள். சில மணித்தியாலங்கள் அசையாமல் கிடந்ததுதான் தொல்லை. கடைசியில் கிடைத்தது தக்காளிச் சாறு போன்ற ஒரு பை.

பழுதான மச்சையை எடுத்துவிட்டு நல்ல மச்சையை வைக்கிறார்கள் என்றுதான் நான் எண்ணியிருந்தேன். முன்னோடிகளின் எண்ணமும் ஏறத்தாழ அதுவே. பலத்த கதிரும் மருந்தும் புற்றுநோயைக் கொல்லும், புதிய மச்சை நோயாளியைக் காப்பாற்றும் என்று நம்பினார்கள். இத்துறைக்காக 1990 இல் நோபல் பரிசு பெற்றவர் டொனல் தோமஸ். அவருடைய சியாட்டில் குழுவினர் 1979 இல் ஒரு விசித்திரத்தை எழுதினார்கள். கொடையாளியின் கலங்கள் நோயாளியின் தோலையும் ஈரலையும் தாக்கித் துன்பப்படுத்தினால், அந்த நோயாளிக்குப் புற்றுநோய் திரும்புவது குறைவு. ஒரே உருவ இரட்டையரிடமிருந்து பெற்றவர்களுக்கு அந்தத் தாக்குதல் அநேகமாக இல்லை, நோய் திரும்புவதோ அதிகம். அதாவது வேலை செய்வது மச்சை மட்டுமல்ல. அதனோடு ஒட்டி வந்த வெண்கலங்களும், குறிப்பாக ரீ கலங்களும்தான். நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள தைமசுச் சுரப்பியில் பயிற்சி பெற்று, தன்னது எது, பிறரது எது என்று தொட்டுப் பார்த்துத் திரியும் காவற்காரர் அவர்கள். ராத்தாவின் உடம்பில் அவர்களுக்கு எல்லாமே ஓரளவு பிறரது.

ஐந்தாம் வாரம் ராத்தாவின் உள்ளங்கைகள் சிவந்தன. பாதமும் எரிந்தது. நான் பதறினேன். வைத்தியர் பதறவில்லை.

“லேசாக வந்தால் நல்லதுதான். இதை அடக்கினால் அதுவும் அடங்கிப்போகும்” என்றார்.

ராத்தா கையை விரித்துக் காட்டி, “ஒன்ட ஆக்கள்தான்டா என்னெ அடிக்கிறாங்க” என்றார். சின்ன வயதில் அவர் எனக்குப் போட்ட குட்டுகளுக்கு இவ்வளவு காலம் கழித்துக் கணக்குத் தீர்க்கிறேனாம்.

அதன் பிறகு வந்த மாதங்கள்தான் கொடுமை. தடுப்பு மாத்திரையைக் குறைத்தால் தோல் உரியும், வயிறு கலங்கும். கூட்டினால் ரீ கலங்கள் தூங்கிவிடும், புற்றுநோய் விழித்துக்கொள்ளும். ஒவ்வொரு மில்லிகிராம் குறைப்புக்கும் வீடே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. உம்மா என்னைக் கோபமாகப் பார்ப்பார், ஏதோ நான் சொன்னால் அவை கேட்கும் என்பது போல.

ராத்தா பிழைத்தார். கண் வறண்டுவிட்டது, இன்றுவரை சொட்டு மருந்துதான். பி இனக் குருதியோடு போனவருக்கு இப்போது என்னுடைய ஓ இனம்.

இந்தக் கதையைக் கேள்விப்பட்டு, போன வருடம் கொட்டாஞ்சேனையில் பழைய அயலவர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மகனுக்குப் பத்தொன்பது வயது. பி கலங்களில் வரும் கடும் லிம்போசைற்றிக் லியூக்கேமியா, சிகிச்சைக்குப் பிறகு திரும்பிவிட்டது. பொருந்தக்கூடிய உடன்பிறப்பு இல்லை. “கார்-ரீ” என்று யாரோ சொன்னார்களாம், அது என்ன என்று கேட்டார்.

நோயாளியின் சொந்த ரீ கலங்களையே வெளியே எடுத்து, புற்றுக் கலத்தின் மேலுள்ள சீடி19 என்ற அடையாளத்தைப் பிடிக்கும் ஒரு கொக்கியை மரபணு வழியாகப் பொருத்தி, பெருக்கித் திருப்பி ஏற்றுகிறார்கள் என்றேன். 2012 இல் பிலடெல்பியாவில் எமிலி வைட்ஹெட் என்ற ஆறு வயதுச் சிறுமிக்கு ஏற்றியபோது காய்ச்சலால் சாவின் விளிம்புக்குப் போய் மீண்டதையும் சொன்னேன். 2017 இல் அமெரிக்கா அனுமதித்தபோது விலை நான்கு இலட்சத்து எழுபத்தையாயிரம் டொலர். பம்பாய் ஐ.ஐ.டி.யும் டாடா நினைவு மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கியதற்கு 2023 ஒக்டோபரில் இந்தியா அனுமதி கொடுத்தது. பதினைந்து வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு. எல்லாருக்கும் பலிப்பதில்லை, பலித்தவர்களில் சிலருக்குத் திரும்பியும் இருக்கிறது. அதையும் மறைக்கவில்லை. ராத்தாவின் வகைக்கு இது இன்னும் கைகொடுக்கவில்லை.

“எவ்வளவு?” என்றார்.

“முப்பது, நாற்பது இலட்சம். இந்தியக் காசு.”

அவர் சட்டைப் பையிலிருந்து ஒரு பஸ் டிக்கெட்டை எடுத்து, அதன் பின்புறத்தில் பெருக்கிப் பார்த்தார். ஒரு கோடியைத் தாண்டியது. சற்று நேரம் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தவர், ஜம்பட்டா வீதியில் வீடொன்று இப்போது என்ன விலைக்குப் போகும் என்று கேட்டார்.