ஏறாத மலை இல்லை, நிற்காத நாள் இல்லை

பழைய ஜீப் வைத்திருக்கும் எல்லோரிடமும் இரண்டு கதை இருக்கும். ஒன்று, புதுப்புது கார்களெல்லாம் சேற்றில் சிக்கி நிற்க, அவர் வண்டி மட்டும் சாவகாசமாக ஏறிப் போன கதை. இன்னொன்று, முகூர்த்த நேரம் நெருங்கும்போது வாசலிலேயே ஸ்டார்ட் ஆகாமல் நின்ற கதை. முதல் கதையை அவர் ஊரெல்லாம் சொல்வார். இரண்டாவதை அவர் வீட்டம்மா சொல்வார் :-)

இரண்டுமே உண்மைதான். வேடிக்கை என்னவென்றால், இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அந்த வண்டியின் எளிமை!

கொஞ்சம் வரலாறு பார்ப்போம். ஜீப் இரண்டாம் உலகப் போருக்காகப் பிறந்தது. 1941 முதல் 1945 வரை வில்லிஸ், ஃபோர்டு என்ற இரண்டு அமெரிக்கக் கம்பெனிகளும் சேர்ந்து 6 லட்சத்துக்கும் மேல் செய்து தள்ளின. 2.2 லிட்டர் பெட்ரோல் என்ஜின், 60 குதிரைத்திறன், எடை ஒரு டன்னுக்குச் சற்று மேல். அவ்வளவுதான் வண்டி. போர் முடிந்ததும் 1947ல் மஹிந்திரா அதை இந்தியாவில் அசெம்பிள் செய்யத் தொடங்கியது. பல வருடம் கழித்து வந்த எம்எம் 540 ஜீப்பிலும் அதே எலும்புக்கூடுதான். உள்ளே மட்டும் 2.1 லிட்டர் பியூஜோ டீசல் என்ஜின், 62 குதிரைத்திறன். இன்று "பழைய ஜீப் இருக்கு, வர்றீங்களா?" என்று புரோக்கர் கூப்பிட்டால், அநேகமாக இந்த வம்சத்தில் ஒன்றாகத்தான் இருக்கும்.

62 குதிரைத்திறன் என்றால் இன்றைய சின்ன காருக்குச் சமம். அப்புறம் எப்படி மலை ஏறுகிறது?

ரகசியம் இரண்டாவது கியர் பெட்டியில் இருக்கிறது. சாதாரண கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னொரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதில் "ஃபோர் வீல்" போட்டால் நாலு சக்கரமும் இழுக்கும். "லோ" போட்டால் வேகம் குறைந்து, சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை சுமார் இரண்டரை மடங்காகும். மனிதன் நடக்கும் வேகத்தில், ஆக்சிலேட்டரை மிதிக்காமலேயே கூட பாறைமேல் ஊர்ந்து போகும். குட்டை உடம்பு, முன்னும் பின்னும் துருத்தாத அமைப்பு, தடித்த ஆக்சில், பட்டை ஸ்பிரிங்... வேறென்ன வேண்டும்?

தேனி மாவட்டத்துக் கொழுக்குமலை இதற்கு நல்ல உதாரணம். 7,000 அடிக்கும் மேலே இருக்கும் தேயிலைத் தோட்டம். இடம் நம்முடையது, ஆனால் வண்டிப் பாதை கேரளத்துச் சூரியநெல்லியிலிருந்துதான். பாதை என்பது கூட மரியாதைக்குச் சொல்வது, கல்லும் குழியும்தான். சூரிய உதயம் பார்க்க வரும் கூட்டம் தங்கள் காரைக் கீழே விட்டுவிட்டு இருட்டிலேயே ஜீப்பில் ஏறிக் குலுங்கிக்கொண்டு போகும்.

சரி, இவ்வளவு திறமையான வண்டி ஏன் டவுனில் காலை வாருகிறது?

இதில் சென்சார் கிடையாது. அதனால் சென்சார் கெடாது. ஆனால் எச்சரிக்கவும் ஆள் கிடையாது! ரேடியேட்டரில் தண்ணீர் குறைவதை, கிராஸ் ஜாயின்ட் தேய்வதை, ஸ்டியரிங் ஆட்டம் கூடுவதை ஓட்டுகிறவர்தான் காதாலும் கையாலும் கண்டுபிடிக்க வேண்டும். டீசல் லைனில் காற்று புகுந்தால் என்ஜின் அணைந்துவிடும். "ஏர் புடிச்சிருச்சு தம்பி" என்று மெக்கானிக் ஒரு நட்டைத் தளர்த்தி, கைப்பம்பை நாலு அடி அடித்து, நுரை போய் சுத்தமான டீசல் வந்ததும் இறுக்குவார். பத்து நிமிஷ வேலை. தெரியாதவருக்கு அரை நாள் போச்சு.

பேட்டரி இறங்கிவிட்டதா? சரிவில் தள்ளி ஸ்டார்ட் செய்யலாம். டேங்க் ஒழுகுகிறதா? சலவை சோப்பைத் தேய்த்து அடைத்துக்கொண்டு ஊர் வந்து சேரலாம். எளிதாகக் கெடும், எளிதாகச் சரியாகும். அதுதான் இதன் குணம்.

ஆனால் ஒரே ஒரு விஷயத்தில் இந்த ரசனையெல்லாம் செல்லாது. பிரேக். பழைய ஜீப்கள் பலவற்றில் நாலு சக்கரத்துக்கும் ஒரே பிரேக் லைன். எங்காவது ஒரு இடத்தில் ஆயில் ஒழுகினால் மொத்தமும் போய்விடும். டிரம் பிரேக் என்பதால் ஓடையைக் கடந்ததும் பிடிக்காது. லேசாக மிதித்துக்கொண்டே கொஞ்ச தூரம் போய்க் காய வைக்க வேண்டும். ஏறத் தெரிந்த வண்டி இறங்கவும் தெரிந்ததாக இருக்க வேண்டும் இல்லையா? வாங்கியதும் சீட் கவரும் எக்ஸ்ட்ரா லைட்டும் மாட்டுவதற்கு முன்னால் செலவு செய்ய வேண்டிய இடம் இதுதான்.

அடுத்தது பேப்பர். பல ஜீப்கள் உடம்பு ஒன்று, என்ஜின் ஒன்று, ஆர்சி இன்னொன்று என்று கதம்பமாக இருக்கும். கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாற்றக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. அதனால் சேசிஸ் நம்பரையும் என்ஜின் நம்பரையும் துணியால் துடைத்து, ஆர்சியோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அட்வான்ஸ். 15 வருஷம் தாண்டிய சொந்த வண்டிக்கு ஆர்சி புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாயாக ஏறியதையும் மறக்க வேண்டாம். அந்தக் கணக்கு இறங்கப் போவதில்லை.

இப்போது முக்கியமான கேள்வி. மலையில் இதே வயசு ஜீப் தினமும் ஓடுகிறது. டவுனில் ஏன் நிற்கிறது?

மலையில் அது பொழுதுபோக்கு இல்லை. பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், ரேஷன் அரிசியும், பிரசவ வலி எடுத்த பெண்ணும் அதில்தான் இறங்கி வரவேண்டும். நடுவழியில் நின்றால் ஒரு உயிர் போகலாம். அதனால் டிரைவர் காலையில் டீ குடிப்பதற்கு முன்பே பானெட்டைத் திறந்து தண்ணீர், ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் பார்க்கிறார். வண்டிக்குக் கீழே தரையில் புதுசாகச் சொட்டு விழுந்திருக்கிறதா என்று குனிந்து பார்க்கிறார். கிரீஸ் அடிக்கும் நாளைத் தள்ளிப் போடுவதில்லை.

டவுன்காரர் மூன்று வாரம் வெயிலிலும் மழையிலும் நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை சாவியைத் திருகுகிறார். அதற்குள் பேட்டரி இறங்கியிருக்கும், பிரேக் இறுகியிருக்கும். "இந்த வண்டியை நம்பவே முடியாது" என்கிறார். வண்டிக்கு வாய் இருந்தால் அதுவும் அவரைப் பற்றி இதையேதான் சொல்லும்!

தினமும் ஆபீஸ் போக ஒரே வண்டி வேண்டும் என்பவர் இதை வாங்க வேண்டாம். வாரத்தில் இரண்டு நாளாவது ஓட்டி, மாதம் ஒருமுறை கையில் கிரீஸ் பட்டுக்கொள்ளத் தயார் என்பவர் தாராளமாக வாங்கலாம். ஆனால் விலை பேசப் போவதற்கு முன்னால், பக்கத்துத் தெருவில் பழைய ஜீப் வேலை தெரிந்த மெக்கானிக் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்துக்கொள்வது நல்லது. முடிந்தால் அவரையே கூட்டிக்கொண்டு போய் வண்டியைப் பாருங்கள்.