குருதி தரும் முன்னறிவிப்பு

நீரிழிவு திடீரென வந்து வாயிற்கதவைத் தட்டும் நோயன்று. பல்லாண்டுகள் அரவமின்றி உள்ளே குடியிருந்து, பின்னரே தன்னை வெளிப்படுத்திக்கொள்ளும். தாராவியில் வாழ்ந்த என் தந்தையாருக்கு 49-ஆம் வயதில் இந்நோய் இருப்பது தெரிந்தது. சில ஆண்டுகளில் ஆறாப் புண்ணால் வலது பாதத்தை இழந்தார். எனக்கு இப்போது வயது 37. ஆகவே, நோயின் வருகையைக் குருதி முன்கூட்டியே அறிவிக்குமா என்னும் வினா எனக்கு வெறும் ஏட்டு வினா அன்று.

அறிவிக்கும் என்கிறது, 2011-இல் ‘நேச்சர் மெடிசின்’ இதழில் வெளிவந்த அமெரிக்க ஆய்வு. பிரேமிங்ஹாம் ஆய்வைச் சேர்ந்த, சர்க்கரை இயல்பாயிருந்த 2,422 பேரை 12 ஆண்டுகள் கவனித்தனர். 201 பேரை நோய் பற்றியது. அவர்களிற் பலரின் தொடக்ககாலக் குருதியை, நோய் காணாத ஒத்த நிலையினரின் குருதியோடு ஒப்பிட்டனர். லியூசின், ஐசோலியூசின், வாலின், டைரோசின், பினைலாலனின் என்னும் ஐந்து அமினோ அமிலங்கள் நோயுற்றோரிடம் முன்னரே மிகுந்திருந்தன. 49-இல் 12-ஐக் கழித்தால் 37. இந்தக் கழித்தல் கணக்கு என் உறக்கத்தைக் கெடுத்தது.

இவை புரதத்தின் கூறுகள் என்பதால் பருப்பையும் மீனையும் துறத்தல் வேண்டுமென அன்பர்கள் எண்ணற்க. உடல் இவற்றைச் சிதைத்துப் பயன்கொள்ளும் திறன் குன்றுவதன் அறிகுறியாக இம்மிகுதி இருக்கலாம். மேலும், இச்சோதனை இன்னும் மருத்துவமனைகளின் வழக்கமான சோதனையாகவில்லை.

எனினும் ஏழையெளியோர்க்கும் எட்டும் கணக்கு ஒன்றுண்டு. சென்னையில் மருத்துவர் வி. மோகன் குழுவினர் 2005-இல் வகுத்த இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் அது. வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, பெற்றோர் நோய் ஆகிய நான்கே அதன் உறுப்புகள், மொத்தம் 100. அறுபதும் அதற்கு மேலும் பேரிடர். என் கணக்கு இது: வயதுக்கு 20, இடுப்பு 94 சென்டிமீட்டர், அதற்கு 10, நாள் முழுதும் நாற்காலி, உடற்பயிற்சி இல்லை, அதற்கு 30, பெற்றோருள் ஒருவர்க்கு நோய், அதற்கு 10. ஆக 70.

வயதையும் தந்தையையும் மாற்றவியலாது. ஆனால் நாடோறும் பயிற்சி செய்தால் 30 என்பது 20 ஆகும். இடுப்பு 90-க்குக் கீழ் இறங்கினால் 10 என்பது சுழியாகும். எழுபது ஐம்பதாகிவிடும். இது வீண் ஆறுதலன்று. நீரிழிவின் முன்னிலையிலிருந்த 531 இந்தியரைக் கொண்டு மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர் நடத்தி 2006-இல் வெளியிட்ட ஆய்வில், உணவொழுங்கும் நடைப்பயிற்சியும் நோய் வருவதை மூன்றாண்டுகளில் 28.5 விழுக்காடு குறைத்தன.

மாதுங்காவின் பைவ் கார்டன்ஸ் மர நிழலில் நடப்பதற்குக் கட்டணமில்லை. தாராவியிலும் செம்பூரிலும் அதிகாலைத் தெருக்கள் உள்ளன. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொருவரும் தம் மதிப்பெண்ணைக் கூட்டிப் பார்ப்பாராக. அறுபதைத் தொட்டவர், வெறும் வயிற்றில் சர்க்கரைச் சோதனை செய்துகொள்ளத் தயங்கலாகாது. என் சோதனையில் 108 வந்தது. நூறுக்கு மேல், நோயெனத்தகும் 126-க்குக் கீழ். கதவு இன்னும் தாழிடப்படவில்லை. நடக்கத் தொடங்கிவிட்டேன்.