ஷாம்பெய்ன் பாதாளமும் ஒரு பந்தல்காரனும்

தலைப்பைப் பார்த்துட்டு, 'தோட்டத்துக் கதை எழுதுற ஆளு சீமைச் சரக்குக்கு விளம்பரம் பண்ண ஆரம்பிச்சுட்டாரா'ன்னு கேக்காதீங்க. இதுவும் திராட்சைக் கதைதான்.

போன மார்ச்சில் அக்கா மகன் கூப்பிட்டான்னு பாரிஸ் போயிருந்தேன். ஈஃபிள் கோபுரம் அரை நாளில் முடிஞ்சுபோச்சு. "வேற என்ன மாமா பாக்கணும்?"னு கேட்டான். திராட்சை விளையிற ஊரைக் காட்டுடான்னேன். முப்பது வருஷமா கம்பம் பள்ளத்தாக்குல பன்னீர் திராட்சைப் பந்தலுக்கு அடியில குனிஞ்சே கிடந்தவனுக்கு வேற என்ன ஆசை இருக்கும்? எங்க பழத்தையே யாரோ ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் கொண்டுவந்தாருன்னு எங்க பக்கம் ஒரு பேச்சு உண்டு. அந்த வகையில தாய்வீட்டுக்குப் போற மாதிரின்னு வச்சுக்குங்க.

பாரிஸிலிருந்து ரயில்ல முக்கால் மணி நேரம். ஊர் பேரு ரீம்ஸ்னு எழுதியிருக்கும், அவங்க வாயில 'ரான்ஸ்'. அங்க பொம்மெரிங்கிற ஷாம்பெய்ன் கம்பெனியோட நிலவறையைப் பார்க்க டிக்கெட் போட்டிருந்தான். "மாமா, ஸ்வெட்டரைக் கழட்டாதீங்க, உள்ள 10 டிகிரிதான்"னு முன்கூட்டியே எச்சரிச்சான்.

மேல இருக்கிற கட்டடம் இங்கிலாந்து அரண்மனை மாதிரி இருக்கு. பிரான்ஸ்ல எதுக்கு இங்கிலீஷ் கட்டடம்னா, வாங்குறவன் இங்கிலீஷ்காரன். அவன் வந்து பார்த்தா மனசு குளிரணும். முன்கூடத்துல எமில் காலே செதுக்கின ஒரு பெரிய மரப்பீப்பாய் நிக்குது. 75,000 லிட்டர் பிடிக்குமாம். 1904ல அமெரிக்காவுல செயின்ட் லூயிஸ் உலகக் கண்காட்சிக்குப் போய் வந்தது. எங்க ஊரு மேல்நிலைத் தொட்டிக்கு ஈடு சொல்லலாம்.

அங்கிருந்து படி இறங்கணும். நேரா, ஒரே ஓட்டமா 116 படி. எண்ணிக்கிட்டேதான் இறங்கினேன். கீழ போனா சுவர், கூரை, தூண் எல்லாம் வெள்ளை. கையை வச்சா மாவு மாதிரி ஒட்டுது. சுண்ணாம்புப் பாறை. ஒரு காலத்துல அந்தப் பூமி முழுக்கக் கடல். அந்தக் கடல்ல செத்த நுண்ணுயிர்களோட ஓடு படிஞ்சு படிஞ்சு உருவான பாறை இது. ரோமானியர் காலத்துல வீடு கட்டக் கல் எடுக்க மேலயிருந்து கிணறு மாதிரித் தோண்டியிருக்காங்க. வாய் குறுகல், உள்ள போகப் போக அகலம். கவுத்து வச்ச புனலுக்குள்ள நின்னு அண்ணாந்து பார்க்கிற மாதிரி இருக்கு. முப்பது மீட்டர் உயரத்துல ஒரு துளி வெளிச்சம்.

இப்படிக் கைவிட்டுப்போன குழி 120. அதையெல்லாம் சேர்த்து வாங்கினது ஒரு விதவை.

பேரு லூயிஸ் பொம்மெரி. புருஷன் கம்பளி வியாபாரி. 1856லதான் நார்சிஸ் கிரெனோங்கிறவரோட ஒயின் வியாபாரத்துல கூட்டுச் சேர்ந்தார். ரெண்டே வருஷத்துல, 1858ல இறந்துபோனார். இந்தம்மாவுக்கு அப்ப 39 வயசுக்குள்ள. வளர்ந்த பையன் ஒருத்தன், கைக்குழந்தையா ஒரு பொண்ணு. கம்பளியை விட்டுட்டு ஒயினைப் பிடிச்சாங்க. அதுலயும் நுரை பொங்காத சிவப்பு ஒயினை ஓரங்கட்டிட்டு, ஷாம்பெய்னே இனி தொழில்னு முடிவு பண்ணினாங்க. 1868ல இந்தக் குழிகளை வாங்கி, ஒண்ணோட ஒண்ணு சேர்த்துச் சுரங்கம் வெட்ட ஆரம்பிச்சாங்க. நடுவுல 1870ல பிரஷ்யாக்காரன் படையோட வந்து ஊரைப் பிடிச்சான். அப்படியும் வேலை நிக்கல. பத்து வருஷத்துல 18 கிலோமீட்டர் பாதை. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு வெளியூர்ப் பேரு. சரக்கு எங்கெல்லாம் போகுதோ அந்த ஊரு.

அந்தக் காலத்து ஷாம்பெய்ன் பாகு மாதிரி இனிக்குமாம். சாப்பாடு முடிஞ்சு பலகாரத்தோட குடிக்கிறது. இந்தம்மா இங்கிலாந்துச் சந்தையைக் கவனிச்சிருக்காங்க. அவங்களுக்கு இனிப்பு ஒயின் ஏற்கனவே நிறைய இருந்தது. அதனால 1874ல, சர்க்கரையை ரொம்பக் குறைச்சு ஒரு ஷாம்பெய்ன் போட்டாங்க. இன்னைக்கு பாட்டில்ல 'ப்ரூட்'னு போடுறாங்களே, அந்த வகைக்கு முன்னோடி இதுதான். கேக்கச் சின்ன விஷயமா தெரியும். விவசாயிக்குத்தான் இதுல உள்ள தைரியம் புரியும். சர்க்கரையைக் கொட்டினா பழத்தோட குறை எல்லாம் மறைஞ்சுபோகும். அதை எடுத்துட்டா, பழுக்காத காயி, மழையில அடிபட்ட கொத்து எல்லாம் நாக்குல வந்து நிக்கும். சக்கரை கம்மியான காப்பி குடிக்கிறப்பதானே டிகாக்ஷன் லட்சணம் தெரியுது?

தயாரிக்கிற விதத்தைச் சுருக்கமா சொல்லிடுறேன். முதல்ல சாதாரண ஒயின் ஆக்கி, பாட்டில்ல ஊத்தி, கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து மூடிடுறாங்க. பாட்டிலுக்குள்ளேயே திரும்பப் புளிக்குது. அப்ப வர்ற வாயு வெளிய போக வழியில்லாம ஒயின்ல கரையுது. உள்ள அழுத்தம் கார் டயர்ல இருக்கிறதைப் போல ரெண்டு மடங்குக்கு மேல. குறைஞ்சது 15 மாசம் கிடக்கணும்னு சட்டம். அப்புறம் பாட்டிலை தலைகீழாச் சாய்ச்சுத் திருப்பித் திருப்பி, மண்டியை மூடிக்குக் கொண்டுவந்து, கழுத்தை உறைய வச்சு வெளிய தள்ளிடுறாங்க. முடிவுல ஒரு கிளாஸ் தந்தாங்க. முதல்ல நல்ல புளிப்பு, பின்னாடி சுட்ட ரொட்டி வாசம். பிடிச்சிருந்தது. வீட்டம்மா இதைப் படிப்பாங்கங்கிறதால இதோட நிறுத்திக்கிறேன்.

வழிகாட்டின பொண்ணு சொல்லாத, நான் படிச்சுத் தெரிஞ்சுக்கிட்ட ஒரு விஷயம். 2002ல இந்தக் கம்பெனி வ்ராங்கென் குழுமத்துக்குக் கை மாறினது. வித்தவங்க எல்விஎம்ஹெச். பேரையும் பாதாளத்தையும் கொடுத்தாங்க, திராட்சைத் தோட்டத்துல பெரும்பகுதியைத் தாங்களே வச்சுக்கிட்டாங்க. எது முதல்னு கோடீஸ்வரனுக்கு நல்லாத் தெரியும்.

ஏன்னா ஷாம்பெய்ன்ல நிலம் யார்கிட்ட இருக்குன்னு பார்த்தா ஆச்சரியமா இருக்கு. மொத்தம் 34,000 ஹெக்டேர் சொச்சம். அதுல சுமார் 90 சதவீதம் ஏறத்தாழ 16,000 விவசாயிகளோடது. ஆளுக்குச் சராசரி 2 ஹெக்டேர், நம்ம கணக்குல அஞ்சு ஏக்கர். பெரிய பேரு வச்ச கம்பெனி எல்லாம் இவங்ககிட்டதான் பழம் வாங்கணும். இப்ப கிலோ 6 யூரோவுக்கு மேல போகுது. நம்ம காசுக்கு ஐநூறு ரூபாயைத் தாண்டும். என் பழம் போன வருஷம் கிலோ 25 ரூபாய்க்குப் போச்சு. ஏவாரி தோட்டத்து வாசல்லயே நின்னு, "மழை வந்துரும்ணே, யோசிச்சுக்குங்க"ன்னு வானத்தைக் காட்டியே விலையை முடிச்சான்.

அவங்களுக்கும் இந்த விலை சும்மா வரல. நூறு வருஷத்துக்கு முன்னாடி வேர்ப்பூச்சி கொடியை அழிச்சு, 1910ல விளைச்சல் அத்துப்போய்க் கிடந்தப்ப, சில கம்பெனிகள் வெளி மாவட்டத்து மலிவுப் பழத்தை ரயில்ல இறக்கி 'ஷாம்பெய்ன்'னு பேரு போட்டு வித்தாங்க. 1911ல விவசாயிங்க கிளம்பிட்டாங்க. வண்டியை மறிச்சு ஒயினை மார்ன் ஆத்துல கொட்டினாங்க. ஆய்ங்கிற ஊர்ல கம்பெனிக் கட்டடங்களுக்குத் தீ வச்சாங்க. ராணுவமே வந்தது. அப்புறம்தான் எந்த ஊருப் பழத்துக்கு என்ன விலைங்கிற கணக்கு, எல்லை வகுத்த சட்டம் எல்லாம் வந்தது. 1941லிருந்து விவசாயிகளும் கம்பெனிகளும் சரிசமமா உக்கார்ற ஒரு வாரியம் இருக்கு. எங்க பழத்துக்கும் 2023ல புவிசார் குறியீடு கிடைச்சது. சுவரொட்டி ஒட்டினோம். ஏவாரி அதே ஏவாரிதான்.

சாயங்காலம் மலைச்சரிவுத் தோட்டத்துக்குப் போனோம். பந்தல் கிடையாது. இடுப்பளவுக் கொடி, கம்பியில சாய்ச்சுக் கட்டியிருக்காங்க. கவாத்து நேரம். பாதியா வெட்டின இரும்புப் பீப்பாய்க்குச் சக்கரம் வச்சுத் தள்ளிக்கிட்டே, வெட்டின குச்சியை அதுல எரிச்சுக் குளிர் காஞ்சுக்கிட்டே வேலை பாக்குறாங்க. ரெண்டு மொட்டு விட்டு வெட்டுற பக்குவம் எங்க ஆளுங்களுக்குச் சளைச்சதில்லை. அறுவடை முழுக்கக் கையாலதான் பண்ணணும்னு விதி. அதுக்கு வெளியூரு, வெளிநாட்டுக் கூலியாளுங்க லட்சம் பேருக்கு மேல வர்றாங்க. 2023 செப்டம்பர் வெயில்ல அதுல சிலர் தோட்டத்துலயே செத்துப்போனாங்க. ஒரு இடத்துல ஆளுங்களை மாட்டுக்கொட்டகையை விட மோசமா அடைச்சு வச்சிருந்தது வழக்காகி, தண்டனை வரைக்கும் போச்சு. கிலோ ஐநூறு ரூபா பழத்துல அவங்க பங்கு எவ்வளவுன்னு கேக்கணும்னு இருந்தது. எனக்கு பாஷை தெரியாது, மருமகன் கேக்க மாட்டேன்னுட்டான்.

மறுநாள் பாரிஸ்ல ஓர்சே அருங்காட்சியகம். மில்லே 1857ல வரைஞ்ச 'கதிர் பொறுக்கும் பெண்கள்' அங்க இருக்கு. மூணு பொம்பளைங்க. அறுப்பு முடிஞ்ச வயல்ல உதிர்ந்த கதிரைக் குனிஞ்சு பொறுக்குறாங்க. பின்னாடி வெளிச்சத்துல போர் போராக் குவிஞ்ச தானியம், வண்டி. எங்க அப்பத்தா இப்படித்தான் பெரியாத்துத் தண்ணி பாயுற வயல்ல பொறுக்கிட்டு வந்து முறத்துல கொட்டும். அந்த முதுகு எனக்குத் தெரியும்.

இந்தப் படத்தை 1889ல 3,00,000 ஃபிராங்க் கொடுத்து வாங்கினது வேற யாருமில்லை, அதே பொம்மெரி அம்மாதான். மறுவருஷம் அவங்க இறந்ததும் படம் நாட்டுக்குப் போயிருச்சு. முன்னாடி நின்னு ரொம்ப நேரம் பார்த்தேன். தூரத்துல, வலது ஓரமா, குதிரை மேல ஒரு ஆளு சின்னதாத் தெரியிறான்.

"அது யாரு மாமா?"ன்னான் மருமகன்.

"கங்காணி"ன்னேன்.